பிள்ளை பெற்ற களைப்பென்றே நினைத்தோம்

அப்படியானால் மூன்றாம் மாடிப் பிள்ளைக்கும் பெண் குழந்தைதான் என்கிறீர். போன கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தபோது நானும் படியில் நின்று எட்டிப் பார்த்தேன், குழந்தை தெரிந்தால்தானே! துவாயால் சுற்றிச் சுற்றி, பேக்கரியிலிருந்து சூட்டோடு பாண் கொண்டுபோகிற மாதிரிக் கொண்டுபோனார்கள். இன்று காலை துணி காயப்போட மேலே ஏறும்போது அவர்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. தாயைப் பார்த்தேன். நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும் மஞ்சள். யன்னலுக்குத் தடித்த திரை. இந்தக் காலத்திலும் பூசுகிறார்களே என்று நீர் சிரிக்கிறீர். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பிள்ளை. கையிலிருந்த ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அந்தக் கதிரையை இழுத்துப் போட்டு இரும். அடுப்பில் சோறு கொதிக்கிறது, அது வடிக்கிற வரைக்கும் கதைக்கலாம்.

அப்போது நாங்கள் கொழும்பில் இதே வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். லிப்ட் ஒன்று இருந்தது. ஓடாது. வீட்டுக்காரி அதற்குள் தன் மகனின் பழைய சைக்கிளை வைத்துப் பூட்டியிருந்தாள். மரக்கறிப் பையோடு நாலு மாடியும் ஏறி, கதவடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றால், கடலிலிருந்து வருகிற உப்புக் காற்றும் ரயில் சத்தமும் மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

சண்டைக் காலம். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பயம் இல்லை, களைப்பு. மீன் வாங்கப் போனாலும் அடையாள அட்டை. பொலிசில் பதிந்த துண்டு. பஸ்ஸில் இருந்தால் இறங்கு, வரிசையில் நில், பையைத் திற, ஏறு. அடுத்த சந்தியில் திரும்ப இறங்கு. அட்டையை வாங்கி எங்கள் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். எழுத்து வாசிப்பு எனக்கில்லை, அந்த அட்டையில் என் பெயர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. பார்க்கிறவன் முகத்தை வாசித்துத்தான் போகலாமா நிற்க வேண்டுமா என்று அறிந்துகொள்வேன். ஊர் முழுக்கவே களைத்துப் போய் இருந்தது. அதனால்தான் என் மகளின் களைப்பை நாங்கள் யாரும் தனியாகக் கவனிக்கவில்லை போலும்.

மகள் அப்போது தலைப்பிள்ளை வயிற்றில். மருமகன் கொச்சிக்கடையில் துறைமுகத்துப் பக்கம் ஒரு சாமான் கிட்டங்கியில் வேலை. நல்ல பிள்ளை. கதை குறைவு. எங்கள் வீட்டில் அது நல்லதுதான், நான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைப்பேன்.

பிள்ளைத்தாய்ச்சிக்கு இரத்தம் சோதித்த இடத்தில், அவளுக்கு ஈரலில் ஒரு கிருமி இருப்பது தெரிந்தது. செங்கமாரிக் காமாலை வருகிற கிருமிகளில் ஒரு வகையாம். ஹெபடைட்டிஸ் பீ என்றார் டொக்டர். தமிழ்ப் பெண், மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. இது இப்ப வந்ததில்லை. சின்ன வயசில வந்தாத்தான் இப்பிடிச் சத்தமில்லாமல் தங்கும். ஈரல் நல்லா இருக்கு. கிருமி சும்மா குந்திக்கொண்டு இருக்குது, அவ்வளவுதான்."

எங்கிருந்து வந்தது என்று தேடினோம். என் இரத்தத்தையும் மருமகனின் இரத்தத்தையும் பார்த்தார்கள், எங்களிடம் இல்லை. மருமகனுக்குத் தடுப்பூசி போட்டார்கள். மகள் சின்னப்பிள்ளையாக இருக்கையில் நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தபோது, பிள்ளைகளை வரிசையில் விட்டு ஊசி போட்டது எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு ஊசியையே எத்தனை கைகளில் குத்தினார்களோ. அதுவாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், இனித் தேடிப் பிரயோசனமில்லை என்றார் டொக்டர். குழந்தை பிறந்தவுடனே அதன் இரண்டு தொடையிலும் இரண்டு ஊசி போட்டால் அதற்குத் தொற்றாது. அதுதான் முக்கியம். பிறகு இன்னொன்றும் சொன்னார்: "பிள்ளை பிறந்த பிறகு மகளின்ர இரத்தத்தைத் திரும்பப் பாக்க வேணும். ஒரு மாதத்தில கூட்டிவாங்கோ. மறக்கப்படாது."

மருமகன் வெளியில் வந்ததும் என்னிடம் மெல்லச் சொன்னார்.

"மாமி, இதைப் பெரியம்மாவுக்குச் சொல்லாதேங்கோ."

"ஏன் தம்பி?"

"அவவுக்குச் சொன்னா கொட்டாஞ்சேனை முழுக்கத் தெரிஞ்சிடும். பிறகு இவ குடிச்ச கோப்பையில ஒருத்தரும் தேத்தண்ணி குடிக்க மாட்டினம்."

பெரியம்மா என்றால் என் மூத்தக்கா. கொட்டாஞ்சேனையில் மகனோடு இருந்தார். கதையில் எனக்கும் மூத்தவர்தான், நான் அவரிடம் பழகினவள். மருமகன் சொன்னதில் பிழையில்லை. நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

குழந்தை பிறந்தது, பெண். இரண்டு தொடையிலும் ஊசி போட்டார்கள், வீரிட்டு அழுதாள், எங்களுக்கு அந்த அழுகை நாதஸ்வரம் கேட்ட மாதிரி. இனி ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டோம். குழந்தைக்குத் தொற்றாமல் காப்பாற்றியாயிற்று, அத்தோடு அந்தக் கிருமியின் கதை முடிந்தது என்றொரு எண்ணம். தாய்க்காரியைத் திரும்பக் கூட்டிப்போக வேண்டும் என்பது இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போனது. ஒரு கிழமை எங்கேயோ பஸ்ஸில் குண்டு வெடித்து வீதியெல்லாம் மறித்தார்கள். அடுத்த கிழமை மருமகனுக்கு லீவு இல்லை. பச்சை உடம்புக்காரியை எத்தனை இடத்தில் இறக்கி ஏற்றுவது?

இதற்கிடையில் அக்கா வந்து இறங்கிவிட்டார்.

பிள்ளை பெற்றவளைப் பார்க்க எங்கள் ஆட்களுக்கு ஒரு முறை இருக்கிறது, உமக்குத் தெரியும். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாம் வறுத்து இடித்த சரக்குத்தூள். அதில்தான் பத்தியக்கறி. நொச்சி, வேப்பிலை, ஆடாதோடை அவித்த தண்ணீரில் குளிப்பு. குளிக்க முன்னும் பின்னும் மஞ்சள். விடியப்புறம் காயம். அதாவது அந்தச் சரக்கையே இஞ்சி உள்ளியோடு அம்மியில் அரைத்து, உருட்டி, பிராண்டி கொஞ்சம் விட்டுக் கொடுப்பது. உள்ளுக்குள் இருக்கிற அழுக்கெல்லாம் போகுமாம். அம்மி இல்லாத மாடி வீட்டில் அக்கா கிரைண்டரில் அரைத்துவிட்டு, அதன் சத்தத்துக்குக் குழந்தை அழுதால் கிரைண்டரை ஏசுவார்.

அக்கா சரக்குத்தூள் கொண்டுவந்த கதையை அந்த நாளில் எத்தனை தரம் கேட்டேன்! வருகிற வழியில் பஸ்ஸை மறித்து இறக்கியிருக்கிறார்கள். பையில் துணியால் கட்டின பெரிய பொட்டலம், உள்ளே கறுத்த மண்ணிறத் தூள். ஆமிக்காரப் பெடியன் ஒருவன் முகம் மாறி, "மேக்க மொக்கத?" என்று கேட்டிருக்கிறான், இது என்ன என்று.

"நான் என்னத்தைச் சொல்ல, சிங்களத்தில சரக்குக்கு என்ன சொல்லுறதெண்டு ஆருக்குத் தெரியும்? கையைத் தொட்டில் மாதிரி ஆட்டிக் காட்டினன். அவன் குனிஞ்சு மணந்து பாத்தான். பாத்தானோ, தும்மல்! ஒண்டில்லை, அடுக்கடுக்கா. துவக்கைப் பிடிச்சுக்கொண்டு தும்முறான். பஸ் முழுக்கச் சிரிக்குது. அவனும் சிரிச்சிட்டான். போங்கோ அம்மே எண்டு விட்டிட்டான்."

அக்காவுக்கு அன்றையிலிருந்து தான் ஒரு பட்டாளத்தையே வென்று வந்த மாதிரி.

அறைக்கு யார் வந்தாலும் யன்னல் திரையைத் தொடக்கூடாது. காற்றுப் பட்டால் சன்னி வருமாம். பொழுதுபட்டால் வானத்திலிருந்து குண்டு போட வருகிறார்கள் என்று கரண்டை நிறுத்துவார்கள், அப்போது மெழுகுதிரி. கரண்ட் இருக்கிற நேரத்தில் வீட்டுக்காரியின் மஞ்சள் குண்டு பல்ப். ஆக அந்த அறைக்குள் இருட்டு, மஞ்சள் வெளிச்சம், மஞ்சள் பூசின முகம், மஞ்சள் கறை பிடித்த தலையணை. குழந்தையின் கன்னத்திலும் தாயின் மஞ்சள் ஒட்டியிருக்கும். முப்பத்தொன்றாம் நாள் துடக்குத் தீட்டு நீக்கி, ஆட்களுக்குச் சாப்பாடும் கொடுத்த பிறகும் அக்கா விடவில்லை.

"இவளைப் பாரடி, இன்னும் எழும்ப ஏலாமல் கிடக்கிறாள். இந்தக் காலத்துப் பெட்டையளுக்கு எலும்பில பெலனில்லை. இன்னும் கொஞ்ச நாளைக்குக் காயம் குடுப்பம். பிராண்டியைக் கொஞ்சம் கூட்டுவம்."

மகள் களைத்துக்கொண்டே போனாள். முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் நடந்தவள், பிறகு இருந்து பால் கொடுத்தாள், பிறகு படுத்தபடி கொடுத்தாள். சுறா வறை பாலூறும் என்று மருமகன் விடியப் பேலியகொடை மீன் சந்தைக்குப் போய்க் குட்டிச்சுறா வாங்கி வந்தார். அதன் மணத்துக்கே ஓங்காளித்தாள். அக்காவுக்குக் கோபம்.

"பேலியகொடையில இருந்து வந்த சுறாவடி! ராசா வீட்டுப் பிள்ளைக்கும் கிடையாது. வாயைத் திற."

"ஏலாது பெரியம்மா. வயித்தைப் பிரட்டுது."

"நாலு பெத்தனான், எனக்கு வயித்தைப் பிரட்டேல்லை."

"உங்களுக்குப் பிரட்டியிருந்தாலும் நீங்கள் கதைச்சுக்கொண்டு இருந்திருப்பீங்கள், தெரிஞ்சிருக்காது."

அதுதான் அவள் கடைசியாகப் பகிடி விட்டது. பிறகு அதற்கும் களைப்பு. ஒரு நாள் சிறுநீர் கறுத்த தேத்தண்ணி மாதிரிப் போகிறது என்று என்னிடம் சொன்னாள். அக்காவிடம் கேட்டேன். சரக்குச் சூடு, தண்ணீர் குடிக்கக் கொடு என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. குழந்தை இரவில் நித்திரை விடுவதில்லை, எந்தத் தாய்தான் களைக்க மாட்டாள்? பிள்ளை பெற்ற களைப்பு என்று சொல்லி மூடிவைக்க எவ்வளவு வசதி!

பிறகு ஒரு நாள் காலையில் ஆமியின் சுற்றிவளைப்பு. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் மறித்து, ஒவ்வொரு மாடியாக ஏறி வந்தார்கள். ஆம்பிளைகளைக் கீழே இறங்கச் சொன்னார்கள். மருமகன் இறங்கிப் போய்விட்டார். அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நடுவீட்டில் சட்டமாக இருந்தார், யார் வந்தாலும் இந்தக் குழந்தையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்கிற மாதிரி. இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் குசினிப் பக்கம் போக, மற்றவன் அறைக்குள் வந்தான். நான் பின்னாலேயே ஓடினேன், மகளின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு.

அவன் அட்டையை வாங்கிப் படத்தைப் பார்த்தான். படுத்திருக்கிறவளைப் பார்த்தான். இருட்டில் தெரியவில்லை. டோர்ச் எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. நேரே போய்த் திரையை ஒரே இழுவையில் விலக்கிவிட்டான்.

கடல் வெளிச்சம் அறைக்குள் கொட்டியது. எனக்கே கண் கூசியது. நாற்பது நாள் வெயில் படாத அறை! மகள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். அவன் அட்டையைப் பார்க்காமல் அவள் கண்ணையே பார்த்தான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து,

"அம்மே, எஸ் கஹயி. செங்கமாலய!" என்றான்.

கண் மஞ்சள் என்கிறான். செங்கமாரிக்கு அவர்கள் சொல்கிற பெயர் எங்கள் பெயருக்குப் பக்கத்து வீடு, மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை. நான் குனிந்து பார்த்தேன். முகத்து மஞ்சள் நாங்கள் பூசினது. கண்ணில் நாங்கள் பூசவில்லையே! வெள்ளை விழி முழுக்கப் பழுத்த எலுமிச்சை நிறம். எத்தனை நாளாக அப்படி இருந்ததோ. அந்தப் பெடியன் அட்டையை என் கையில் திருப்பித் தந்து, சுவரில் சாய்ந்து, ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று இரண்டு தரம் சொன்னான். அவன் முகமும் நித்திரை இல்லாத முகம்தான். வாசலில் நின்ற பெரியவன் கூப்பிட, இறங்கிப் போய்விட்டான். கீழே தடுத்து வைத்திருந்த மருமகனை விட்டதும், ஓட்டோவில் மகளை ஏற்றிக்கொண்டு போனோம்.

அந்த டொக்டர் மகளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏன் கூட்டி வரவில்லை என்று ஏசுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். ஏசவில்லை. அதுவே பயமாக இருந்தது. இரத்தம் எடுத்து, கட்டிலில் போட்டு, சேலைனும் ஏற்றி, பொழுது சாய்ந்த பிறகுதான் என்னையும் மருமகனையும் ஒரு பக்கம் கூப்பிட்டு இருத்தினார்.

"அம்மா, நான் மறைக்கேல்லை. ஈரல் நல்லா அடிபட்டிருக்கு. இரத்தம் உறையிறதும் மந்தமா இருக்கு. இது திரும்பி வரும் எண்டுதான் நினைக்கிறன். ஆனா திரும்பாமலும் போகலாம். இந்தக் கிழமைதான் தெரியும்."

"கிருமி ஈரலைத் திண்டிட்டுதோ டொக்டர்?"

"கிருமி தின்னேல்லை. அதுதான் விசித்திரம். மகளின்ர சொந்தப் படைதான் ஈரலை அடிக்குது."

படை என்ற சொல்லைச் சொன்னதும் அவரே ஒருக்கால் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தக் காலத்தில் தமிழில் படை, சண்டை என்று வாய் தவறிச் சொன்னாலும் எல்லாரும் அப்படித்தான் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். எனக்கு விளங்கினதை உமக்குச் சொல்கிறேன்.

எங்கள் இரத்தத்தில் கிருமியோடு சண்டை பிடிக்கிற அணுக்கள் இருக்கின்றன. செல் என்கிறார்கள். அவை கிருமி இருக்கிற இடத்தைத்தான் அடிக்கும், ஆனால் கிருமி ஈரலுக்குள் குடியிருந்தால் ஈரலையும் சேர்த்துத்தான் அடிக்க வேண்டும். அதனால் அவற்றை மறித்து, போதும் நில் என்று பிடித்து வைக்கிறதற்கென்றே இன்னொரு வகைச் செல் இருக்கிறதாம். ரெகுலேட்டரி டி செல் என்றார். என் வாய்க்குள் நுழையவில்லை. நான் அவற்றுக்கு அடக்கிப் பிடிக்கிறவர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டேன். மகளின் உடம்பில் இத்தனை வருசமும் கிருமி சும்மா குந்தியிருந்ததற்கும், ஈரல் பழுதாகாமல் இருந்ததற்கும், இந்த அடக்கிப் பிடிக்கிறவர்களும் ஒரு காரணம்.

"பிள்ளை வயித்தில வந்த உடன அதுகள் இன்னும் கூடும் அம்மா. ஏனெண்டா வயித்தில இருக்கிற பிள்ளை பாதி தகப்பன்ர. தாயின்ர உடம்புக்கு அது பிறத்தி. பிறத்தியை அடிக்காமல் இருக்க வேணுமெல்லோ? அதுக்காக எல்லாரையும் அடக்கி வைச்சிருக்கும்."

பக்கத்தில் மருமகன் நின்றார். இத்தனை பயத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "கேட்டீரே தம்பி, கலியாணம் கட்டி எவ்வளவு காலம், இவளின்ர உடம்பு உம்மை இன்னும் பிறத்தியாரெண்டுதான் வைச்சிருக்குது," என்றேன். பாவம், அவர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார்.

"பிள்ளை பிறந்தாப் பிறகு அந்தக் கூட்டம் குறையும்," என்றார் டொக்டர். "இவ்வளவு காலமும் மறிபட்டு நிண்ட படை ஒரேயடியா முழிச்சுக்கொள்ளும். முழிச்சுப் பாத்தா ஈரல் முழுக்கக் கிருமி. பிறகென்ன, அடிதான். எல்லாருக்கும் இப்பிடி வராது. கொஞ்சப் பேருக்கு வரும். ஏன் எண்டு இன்னும் வடிவாத் தெரியாது, ஆராய்ச்சி செய்யினம்."

"அப்ப அந்த அடக்கிப் பிடிக்கிற ஆக்கள் நல்லவையோ, கூடாதவையோ?"

"ரெண்டும்தான் அம்மா. கூடினாக் கிருமி சுகமா இருக்கும். குறைஞ்சா ஈரல் எரியும். இப்ப நாங்கள் குளிசையால கிருமியைக் குறைப்பம். குறைஞ்சா அடிக்கிறதுக்கும் வேலை குறையும். ஈரல் ஆற நேரம் கிடைக்கும்."

பிறகு வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பிராண்டி என்றதும் பேனையைக் கீழே வைத்தார். இனி ஒரு துளியும் இல்லை, காயமும் வேண்டாம், கீழ்க்காய்நெல்லிச் சாறு அது இது என்று யார் கொண்டுவந்தாலும் வேண்டாம் என்றார். எழும்பும்போது எனக்கு ஒரு வேலை தந்தார்.

"நீங்கள் பகலில பக்கத்தில இருப்பீங்கள்தானே? மகளோட கதைச்சுக்கொண்டே இருங்கோ. ஈரல் கைவிட்டா மூளை மந்தப்படும். ஆளை மாறிச் சொல்லுவா, கேட்டதுக்கு மறுமொழி சம்பந்தமில்லாமல் வரும், எழுப்ப எழுப்ப நித்திரையாப் போவா. அப்பிடி ஏதும் கண்டா உடன சொல்லுங்கோ."

என் சீவியத்தில் கதைக்காதே என்று சொன்னவர்கள்தான் எல்லாரும். தாய், புருசன், வீட்டுக்காரி, சோதனைச்சாவடியில் நிற்கிறவன். கதை என்று ஒரு படித்த பிள்ளை கேட்டது அதுதான் முதல் தரம்.

கதைத்தேன். வீட்டுக்காரி லிப்டுக்குள் வைத்த சைக்கிளைப் பற்றி, குழந்தை பால்மா குடித்துவிட்டு ஏவறை விடுகிற விதம் பற்றி, பக்கத்துக் கட்டில்காரியின் நாத்தனார் பற்றி. கதைத்துக் கதைத்து நாக்கு வறண்டுபோகும். அவள் ஓம் என்பாள், இல்லை என்பாள், பிறகு ஒன்றும் சொல்லமாட்டாள். இதுதான் பெரிய கரைச்சல், பிள்ளை. மறுமொழி சொல்லாதது மூளை மந்தமா, அல்லது என் கதையைக் கேட்டுக் கேட்டு வந்த சலிப்பா? அதை எப்படிப் பிரிப்பது? கதிரையில் இருந்தபடி அவளுடைய மூச்சைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். அந்த மஞ்சள் கண்ணைத் திறந்தாலும் பயம், திறக்காவிட்டாலும் பயம்.

அக்காவுக்கு இப்போது எல்லாம் சொல்லியாயிற்று. கிருமியையும் சொன்னோம். வீட்டிலிருந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் பின்னேரம் மருமகனிடம் குழந்தையை விட்டுவிட்டு, வாட்டுக்கு வந்தார். சீலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு என் காதுக்குள் கேட்டார்.

"எடியே, என்ர பிராண்டியாலயோ இது வந்தது?"

"இல்லையாம் அக்கா. கேட்டனான். அதால வரேல்லையாம். உதவியும் செய்யேல்லையாம்."

அக்கா தலையை ஆட்டினார். கட்டில் பக்கம் போனார். அன்று மகள் காலையிலிருந்து என் கேள்வி ஒன்றுக்கும் சரியாக மறுமொழி சொல்லவில்லை. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன், முனகினாள். குழந்தைக்கு என்ன பெயர் வைப்போம் என்று கேட்டேன், அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நேர்ஸைக் கூப்பிடப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

"பொறு, நான் ஒருக்காக் கதைச்சுப் பாக்கிறன்," என்றார் அக்கா.

கதிரையில் இருந்தார். கையைத் தடவிக்கொண்டு, தன் பாட்டுக்குத் தொடங்கினார். எதைச் சொன்னார் என்று நினைக்கிறீர்? மகளின் கலியாணத்தை. அந்தக் கலியாணத்தில் பாயாசம் அக்காவின் பொறுப்பு.

"உன்ர கலியாணத்தில நான் வைச்ச பாயாசம் மாதிரி இந்தக் கொழும்பில ஒருத்தரும் வைக்கேல்லை, பிள்ளை. சனம் அதுக்கெண்டே வரிசையில நிண்டது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக் கேட்டுக் குடிச்சவை. எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது, அந்த வரிசை."

நான் கதவடிக்குப் போய்விட்டேன். அப்போது கட்டிலிலிருந்து சத்தம் கேட்டது. கண்ணைத் திறக்கவில்லை. மெல்ல, ஒவ்வொரு சொல்லாக.

"பெரியம்மா... அது அடிப்பிடிச்சுப் போச்சு. சனம் வரிசையில நிண்டது... கை கழுவுறதுக்கு."

நான் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்தேனோ அழுதேனோ, இரண்டும்தான். அக்காவும் சிரிக்கிறார், கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. "அடிப்பிடிச்சதுதானடி, அடிப்பிடிச்சதுதான்! என்ர ராசாத்தி, நல்லா ஞாபகம் வைச்சிருக்கிறாய்!" என்று சத்தம் போடுகிறார். நேர்ஸ் வந்து எங்கள் இரண்டு பேரையும் ஏசினாள். ஏசட்டும். அந்தப் பாயாசம் அடிப்பிடித்ததை அக்கா அதுவரைக்கும் எந்தச் சாமி கேட்டும் ஒத்துக்கொண்டதில்லை.

பிறகு மெல்ல மெல்லத்தான். ஒரே நாளில் எழும்பி நடந்தாள் என்று சொன்னால் பொய். இரத்தம் பார்க்கிற நேரமெல்லாம் நான் டொக்டரின் முகத்தைப் பார்ப்பேன். ஒரு நாள் அந்த முகத்தில் நெற்றிச் சுருக்கம் இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு நித்திரை வந்தது, வாட்டுக் கதிரையிலேயே. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த மஞ்சள் கண்ணை விட்டு இறங்க நாள் பிடித்தது, களைப்பு அதைவிட. படியில் ஒவ்வொரு மாடியிலும் இருத்தி இருத்தித்தான் ஏற்றினோம். மருமகன் போய் வீட்டுக்காரியோடு சண்டை பிடித்தார். கதை குறைந்த மனுசன், அன்றைக்குப் பிடித்த சண்டையில் லிப்டுக்குள் இருந்த சைக்கிள் வெளியில் வந்தது. லிப்ட் ஓடவில்லை, அது வேறு கதை.

அந்தக் குளிசை இன்றைக்கும் இருக்கிறது. கிருமி போகவில்லை, அடங்கி இருக்கிறது. வருசா வருசம் இரத்தம் பார்க்க வேண்டும். சண்டை முடிந்து, சாவடிகளைக் கழற்றி, இப்போது ஒருவரும் என் அட்டையைக் கேட்பதில்லை. ஆனால் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிவிட்டது. யாராவது களைப்பாக இருக்கிறது என்றால் யன்னலடிக்குக் கூட்டிப்போய் கண் இமையை இழுத்துப் பார்ப்பேன். உம்மையும் போன மாதம் பார்த்தேன்தானே, கோபப்பட்டீரே.

அதனால்தான் சொல்கிறேன், மூன்றாம் மாடிக்கு நீரும் வாரும். குழந்தை பார்க்க வந்தோம் என்று சொல்லுவோம், ஒரு சவர்க்காரப் பெட்டி கொண்டுபோவோம். நீர் தாய்க்காரியோடு கதைத்துக்கொண்டிரும், நான் தற்செயலாகப் போகிற மாதிரிப் போய் அந்தத் திரையை... அது பெல் அடிக்கிற சத்தம்தானே? மகள்தான். இரத்தம் கொடுக்க விடிய வெறும் வயிற்றோடு போனவள், பசியில் வருவாள், வந்தவுடன் என்னைத்தான் ஏசுவாள். ஐயோ, சோறு! வடிக்கவே இல்லை, குழைந்திருக்கும். எழும்பும் பிள்ளை, நீர் கதவைத் திறவும், நான் பானையை இறக்குகிறேன்.